புது டயர் பிரச்சினை: டயரா, ரிம்மா, மாட்டிய கையா? சிங்கப்பூர் பைக்கர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புது டயர் போட்ட மறுநாளே வண்டி ஆடுகிறது, காற்று இறங்குகிறது, டயர் ரிம்மில் உட்காரவே மாட்டேன் என்கிறது என்று நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் வாட்ஸ்அப்பில் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. சின்ன வண்டிகளுக்கான 2பி லைசன்ஸில் தொடங்கி இருபது வருடமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறேன். நடுவில் சில வருடம் நானே டயர் மாற்றி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்ததுண்டு. அவ்வளவுதான் தகுதி.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் முடிவு கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள்: "டயர் டிஃபெக்ட்." நான் பார்த்தவரை பாதிக்கு மேல் அப்படி இருப்பதில்லை. கோளாறு டயரில் இருக்கலாம், ரிம்மில் இருக்கலாம், மாட்டியவர் கையில் இருக்கலாம். எது என்று தெரியாமல் கடைக்குச் சண்டைக்குப் போனால் நம் பக்கம் நியாயம் இருந்தும் வாயடைத்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

புது முன் டயர் போட்டதிலிருந்து 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில் நடுங்குகிறது. டயர் டிஃபெக்ட்தானே?

பொறுங்கள். முதலில் காற்றைப் பாருங்கள். டயரை ரிம்மில் உட்கார வைக்கக் கடையில் கூடுதல் காற்று அடிப்பார்கள். அப்புறம் குறைக்க மறந்து அப்படியே அனுப்பிவிடுவதும் உண்டு. 29 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) இருக்க வேண்டிய முன் டயரில் 42 இருந்ததை நானே அளந்திருக்கிறேன். செயின் கவரிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் வண்டிக்கான அளவு இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், அளக்க வேண்டும். பெட்ரோல் நிலையம் வரை ஓட்டிப்போய் அளந்தால் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடுதலாகத்தான் காட்டும்.

காற்று சரி என்றால் டயரின் ஓரத்தைப் பாருங்கள். ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் அந்த ஓரத்துக்குப் பீட் என்று பெயர். உள்ளே எஃகுக் கம்பி ஓடும். பீட்டுக்குச் சற்று மேலே, ரிம் விளிம்பை ஒட்டி, டயரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று அச்சாகியிருக்கும். ரிம் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே போய் மறைந்திருந்தால் அங்கே டயர் முழுதாக உட்காரவில்லை. சக்கரம் சுற்றும்போது அந்த இடம் குழியாகிவிடும். நடுக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

எனக்கே நடந்தது. காக்கி புக்கிட் பக்கம் ஒரு கடையில் முன் டயர் மாற்றிக்கொண்டு தீவு விரைவுச்சாலையில் ஏறினேன். 80-ஐத் தொட்டதும் கையில் தேனீ உட்கார்ந்த மாதிரி ஒரு நடுக்கம். திரும்பிப் போய்ச் சொன்னால், "புது டயர் அப்படித்தான் லா, ரெண்டு வாரம் ஓட்டு, சரியாயிடும்" என்றார் கடைக்காரர். இரண்டு வாரம் ஓட்டினேன், சரியாகவில்லை. டயர் கம்பெனியைத் திட்டிக்கொண்டே வேறு கடைக்குப் போனேன். அங்கிருந்த அங்கிள் குனிந்து ஒரு தடவை பார்த்தார், காற்றை இறக்கினார், சோப்புத் தண்ணீர் தடவினார், மறுபடி அடித்தார். "டொப்" என்று ஒரு சத்தம். பத்து நிமிடம், பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). டயரில் ஒரு குறையும் இல்லை.

கோடும் சரியாக இருக்கிறது, ஆட்டம் நிற்கவில்லை என்றால் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி அதன் முனை டயரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். சுற்றும்போது இடைவெளி கூடிக் குறைகிறதா என்று தெரியும். பிறகு அதே முனையை ரிம் விளிம்பின் பக்கம் நகர்த்துங்கள். ரிம்மும் ஆடினால் ரிம் வளைந்திருக்கிறது. பழைய டயர் தேய்ந்திருந்தபோது அது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும். பல ஹோண்டா சர்வீஸ் புத்தகங்கள் ரிம் ஆட்டத்துக்கு 2 மில்லிமீட்டர் வரை இடம் கொடுக்கின்றன. சில வண்டிகளுக்கு அதைவிடக் குறைவு. ரிம் அசையாமல் இருக்க டயர் மட்டும் மேலும் கீழும் போகிறது, பீட் கோடும் சீராக இருக்கிறது என்றால்தான் டயரைச் சந்தேகிக்கலாம்.

அதற்கும் முன் பேலன்ஸ், அதாவது சக்கரத்தின் கனம் சுற்றிலும் சமமாகும்படி ரிம்மில் சின்ன எடைக்கட்டி ஒட்டுவது, செய்தார்களா என்று கேளுங்கள். சின்ன வண்டிக்கு எதற்கு பேலன்ஸ் என்று விட்டுவிடும் கடைகள் உண்டு.

பேலன்ஸ் செய்தபோது ரிம்மில் வரிசையாக எடைக்கட்டி ஒட்டிவிட்டார்கள். இது சரியா?

ஐந்து கிராம், பத்து கிராம் துண்டு இரண்டு மூன்று என்றால் கவலையே வேண்டாம். ஒரே இடத்தில் 60 கிராமுக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். அதற்கு மேல் ஒட்டக் கூடாது என்றே சில சர்வீஸ் புத்தகங்கள் சொல்கின்றன. டயரின் கனமான பக்கமும் ரிம்மின் கனமான பக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் இப்படி ஆகும். காற்றை இறக்கி டயரை ரிம்மின் மேல் அரைச் சுற்று திருப்பி மறுபடி பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள். எடை பாதியாகக் குறைந்தால் பிரச்சினை முடிந்தது. எப்படித் திருப்பினாலும் அதே எடை கேட்கிறது, கனமான இடமும் டயரோடு சேர்ந்தே நகர்கிறது என்றால் அது டயரின் குறை. இதைப் படம் எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் மஞ்சள் புள்ளி வால்வுக்கு நேராக இல்லை. மாட்டத் தெரியாதவரா?

மஞ்சள் புள்ளி டயரின் இலேசான இடத்தைக் காட்டுகிறது. வால்வு இருக்கும் இடம் ரிம்மில் சற்றுக் கனம் என்பதால் இரண்டையும் சேர்த்து வைப்பார்கள். அப்படி வைத்தால் எடைக்கட்டி குறைவாகத் தேவைப்படும். புள்ளி தள்ளியிருந்து, பேலன்ஸ் சரியாகச் செய்திருந்தால் ஒன்றும் ஆகாது. எல்லாக் கம்பெனியும் புள்ளி வைப்பதில்லை. புள்ளி இல்லாத டயரைப் போலி என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். பாவம் கடைக்காரர்.

பீட் உட்காரவில்லை என்று தெரிந்துவிட்டது. நானே கூடுதல் காற்று அடித்து உட்கார வைக்கலாமா?

கடைக்குக் கொண்டுபோங்கள் என்பதுதான் என் பதில். பெட்ரோல் நிலையக் குழாயைப் பிடித்துக்கொண்டு டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து 60, 70 என்று ஏற்றுவது கையை முறித்துக்கொள்ளும் வேலை. பீட் கம்பி அறுந்தால் டயர் வெடிக்கும். பல டயர்களின் பக்கவாட்டிலேயே, பீட் உட்காரும்போது இத்தனை பிஎஸ்ஐக்கு மேல் போகாதே என்று எழுதியிருப்பார்கள். பல தயாரிப்புகளில் அது 40. அந்த எண்ணைத் தாண்டியும் உட்காரவில்லை என்றால் காற்று போதவில்லை என்று அர்த்தமில்லை, வழுவழுப்பு போதவில்லை. காற்றை முழுதும் இறக்கி, பீட்டை ரிம்மிலிருந்து உள்ளே தள்ளி, சுற்றிலும் டயர் சோப்பு தடவி மறுபடி அடிக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு "டொப்" கேட்க வேண்டும்.

சோப்பு தடவியும், இரண்டு மூன்று தடவை இறக்கி ஏற்றியும் ஒரே இடத்தில் முரண்டு பிடிக்கிறதா? டயரைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். முரண்டு பிடிக்கும் இடம் ரிம்மோடு நின்றால் ரிம்மில் துருவோ பழைய ரப்பர்ப் படிவோ இருக்கும். உப்புத்தாள் வைத்து இலேசாகத் தேய்த்தால் போதும். டயரோடு நகர்ந்தால் பீட்டில் கோணல் இருக்கிறது, மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

ஆன்லைனில் வாங்கிய டயர் நசுங்கிச் சப்பையாக வந்திருக்கிறது. எவ்வளவு அடித்தாலும் காற்று பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. டிஃபெக்டா?

அநேகமாக இல்லை. கப்பலில் இடத்தை மிச்சப்படுத்த டயர்களை ஒன்றுக்குள் ஒன்று திணித்துக் கட்டி அனுப்புகிறார்கள். அப்படி மாதக்கணக்கில் கிடந்த டயரின் இரண்டு பீட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். டியூப்லெஸ் டயரில் பீட் இரண்டும் ரிம்மைத் தொட்டால்தான் காற்று நிற்கும். நடுவில் சுருங்கிக் கிடந்தால் ஓடத்தான் செய்யும்.

சிங்கப்பூரில் இதற்கு நல்ல மருந்து வெயில். மதியம் ஒரு மணி நேரம் டயரை வெயிலில் போடுங்கள். பிறகு இரண்டு பீட்டுக்கும் நடுவே சின்ன மரக்கட்டைகளை நாலு இடத்தில் செருகி ஒரு இரவு வையுங்கள். மறுநாள் பாதி வேலை முடிந்திருக்கும். கடையில் என்றால் வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிவிட்டுக் காற்றடிப்பார்கள்; ஓட்டை பெரிதாவதால் காற்று ஒரே வேகத்தில் உள்ளே பாய்ந்து பீட்டைத் தள்ளும். அதுவும் போதாவிட்டால் லாரியில் சாமான் கட்டும் ராட்செட் பெல்ட்டை டயரின் மேல்பரப்பைச் சுற்றிக் கட்டி இறுக்குவார்கள். நடுப்பகுதி அமுங்கும்போது ஓரங்கள் வெளியே விரியும். காற்று பிடித்ததும் பெல்ட்டை உடனே தளர்த்திவிட வேண்டும்.

யூடியூபில் ஸ்ப்ரேயை அடித்து லைட்டர் வைத்து "பூம்" என்று டயரை உட்கார வைக்கும் வீடியோக்கள் இருக்கின்றன. பார்த்துச் சிரித்துவிட்டு மூடிவிடுங்கள்.

நசுங்கிய டயரில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: பீட் கம்பி மடிந்திருக்கிறதா? விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். வளைவு சீராக ஓடினால் பிழைக்கும். ஓரிடத்தில் முழங்கை மடக்கிய மாதிரி முனை தெரிந்தால் அந்த டயரை மாட்டவே கூடாது. படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். மாட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினால் "மாட்டும்போது நீங்கள்தான் மடித்தீர்கள்" என்பார்கள்.

லீவர் (டயரை நெம்பும் கம்பி) வைத்து நானே மாட்டப் பார்த்தேன். முக்கால்வாசி ஏறிவிட்டது, கடைசி ஒரு சாண் ஏறவே மாட்டேன் என்கிறது. டயர் சின்னதாக வந்துவிட்டதா?

சைஸ் சரிதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 17 அங்குல ரிம்முக்கு 17 அங்குல டயர்தான் பொருந்தும். 17 ரிம்மில் 16 டயர் ஒரு நாளும் ஏறாது. சைஸ் சரி என்றால் பிரச்சினை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.

ரிம்மைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் ஓடுவது தெரியும். டயர் மாட்டும் வித்தை எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான். நீங்கள் லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே பீட் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். அங்கே இறங்கினால்தான் இங்கே தளர்வு கிடைக்கும். எதிரே மேட்டில் ஏறிக்கொண்டிருந்தால் பயில்வானே வந்தாலும் ஏறாது. முட்டியால் எதிர்ப்பக்கத்தை அழுத்திப் பள்ளத்துக்குள் தள்ளுங்கள், சோப்பைத் தாராளமாகத் தடவுங்கள், லீவரில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு மேல் கடிக்காதீர்கள். பலம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றால் எங்கோ தப்பாகச் செய்கிறோம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு டயர் செலவானது. ஒன்றில் பீட்டைக் கிழித்தேன், இன்னொன்றில் ரிம்மைக் கீறினேன்.

பக்கவாட்டு குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும் ஸ்போர்ட் ரேடியல் டயர், 12, 13 அங்குல ஸ்கூட்டர் டயர் இரண்டும் கையால் மாட்டக் கஷ்டமானவை. அது அவற்றின் குணம். கடையில் மெஷினில் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். பெயின்ட் அடித்த ரிம் என்றால் லீவருக்கு அடியில் பிளாஸ்டிக் வைக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கீறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

எச்டிபி அடுக்குமாடி வீட்டுக் கார் பார்க்கில் வைத்து மாற்றலாமா?

வேண்டாம். கார் பார்க் பட்டறை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் டயரில் மிச்சம் பிடித்த காசைவிட அபராதம் அதிகமாகிவிடும்.

பல்சர் 200என்எஸ் வைத்திருக்கிறேன். பின்னால் 130/70-17-க்குப் பதில் அகலம் கூடிய 140 போட்டேன். உட்காரவும் மாட்டேன் என்கிறது, உட்கார்ந்தபின் வளைவில் என்னவோ போல இருக்கிறது.

அகலமான டயரைக் குறுகிய ரிம்மில் திணித்தால் ஓரங்கள் உள்பக்கம் இழுபட்டு, மேல்பகுதி முட்டை மாதிரிக் கூம்பிவிடும். தரையைத் தொடும் பகுதி கூடாது, குறையும். செயினிலோ ஸ்விங்ஆர்மிலோ உரசும் அபாயமும் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை டிஃபெக்ட் என்று சொல்லிக் கடைக்காரரிடம் போகாதீர்கள், அவர் சிரிப்பார்.

அப்படியென்றால் நிஜமான டிஃபெக்ட் எப்படி இருக்கும்?

பக்கவாட்டில் காற்றடித்ததும் கொப்புளம் போலப் புடைப்பு வந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. ஓட்டவே கூடாது, கடைக்கே தள்ளிக்கொண்டு போங்கள். சில ரேடியல் டயர்களில் மையத்திலிருந்து மேலே ஓடும் இலேசான பள்ளக்கோடு தெரியும். அது உள்ளே துணி ஒன்றின் மேல் ஒன்று சேரும் இடம், பயப்பட வேண்டாம். வெளியே தள்ளினால் ஆபத்து, உள்ளே சற்று இறங்கியிருந்தால் பரவாயில்லை.

ரிம் நேராக இருந்தும், பீட் கோடு சீராக இருந்தும் டயர் முட்டை வடிவத்தில் சுற்றுவது இன்னொன்று. மேல்பரப்பின் ரப்பர் அடுக்கு பிரிந்து ஓரிடம் தூக்கிக்கொண்டு நிற்பது, ரப்பருக்குள் காற்றுக் குமிழி, புது டயரின் பள்ளங்களில் வெடிப்பு, பீட் ரப்பர் குறைப்பட்டு வந்திருப்பது இவையும் உண்டு. இருபது வருடத்தில் உறுதியாக டயரின் குறை என்று நான் பார்த்தவை இரண்டே இரண்டு. ஒன்று முட்டை வடிவம். மற்றது என் மைத்துனரின் ஸ்கூட்டரில் வந்த புடைப்பு. முதலாவதைப் பேலன்ஸ் மெஷினில் வைத்துச் சுற்றிக் காட்டியதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். இரண்டாவதில் "குழியில் விட்டிருப்பீர்கள்" என்று அடம்பிடித்தார். குழியில் விட்டதாலும் புடைப்பு வரும் என்பது உண்மைதான். போட்ட அன்றே எடுத்த படம் மைத்துனரிடம் இருந்ததால் தப்பித்தார்.

டயரில் இருக்கும் தேதியைப் பார்த்தேன். தயாரித்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம்தான் தேதி. 2324 என்றால் 2024-ன் 23-ஆவது வாரம். வெயில் படாமல் உள்ளே அடுக்கி வைத்த டயர் இரண்டு வருடத்தில் கெட்டுவிடாது. ஐந்து வருடம் ஓடிய டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும் என்பது மிஷெலின் சொல்லும் கணக்கு. நான் மூன்று வருடத்துக்கு மேல் போனதைப் புது விலைக்கு வாங்குவதில்லை. கடையில் விலை குறைத்துக் கொடுத்தால் வேறு விஷயம். மாட்டுவதற்கு முன்பே பாருங்கள், மாட்டிய பின் இந்தப் பேச்சு எடுபடாது.

புது டயரில் வாரம் ஒரு தடவை காற்று அடிக்க வேண்டியிருக்கிறது.

மாதத்துக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்குவது சாதாரணம். வாரத்துக்கு ஐந்து என்றால் எங்கோ ஒழுகுகிறது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து பாட்டிலில் ஊற்றி வால்வின் வாயிலும், வால்வின் அடியிலும், இரண்டு பக்க ரிம் விளிம்பிலும், கடைசியாக டயரின் மேல்பரப்பிலும் தெளியுங்கள். நுரை கிளம்பும் இடம்தான் குற்றவாளி. பெரும்பாலும் பழைய ரப்பர் வால்வாகத்தான் இருக்கும். டயர் மாற்றும்போதே வால்வையும் மாற்றிவிட வேண்டும், ஒரு சில வெள்ளிதான். கேட்டால்தான் மாற்றுவார்கள். மேல்பரப்பில் நுரை வந்தால் ஆணியைத் தேடுங்கள். கட்டுமான லாரிகள் ஓடும் சாலையில் போனால் புது டயருக்கும் அது நடக்கும், கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

அம்புக்குறி பின்னோக்கி இருக்கிறது. தலைகீழாக மாட்டிவிட்டார்களா?

ஆமாம். திரும்பக் கொண்டுபோங்கள், காசில்லாமல் மாற்றித் தர வேண்டும். மழைத் தண்ணீரை வெளியே தள்ளும் வாய்க்கால் தலைகீழாகிவிடும். சிங்கப்பூர் மழையில் அதை ஓட்டிப் பார்க்க வேண்டாம். சில டயர்களில் முன்சக்கரத்துக்கு ஒரு அம்பு, பின்சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு அம்பு என்று இரண்டு இருக்கும். அதையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

புது டயர் போட்டுக் கடையை விட்டு வெளியே திரும்பும்போதே வழுக்கி விழுந்துவிட்டேன். டயர் மோசமா?

அடி பலமில்லை என்று நம்புகிறேன். புது டயரின் மேல்பரப்பு வழவழவென்று இருக்கும். அச்சிலிருந்து கழற்ற உதவும் பூச்சு சிறிது ஒட்டியிருக்கலாம், மாட்டிய சோப்பும் ஓரத்தில் இருக்கலாம். முதல் 150 கிலோமீட்டருக்கு நிதானம் வேண்டும்: பட்டென்று பிரேக், பட்டென்று ஆக்சிலரேட்டர் இரண்டும் கூடாது, வளைவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுங்கள். மழை நாளில் மாற்றினால் இன்னும் கவனம். உப்புத்தாளால் தேய்ப்பது, பெட்ரோலில் துடைப்பது எல்லாம் ரப்பரைக் கெடுக்கும். டயருக்குக் கறுப்பு மினுமினுப்பு ஏற்றும் பாலிஷை மேல்பரப்பில் அடிக்கவே அடிக்காதீர்கள்.

தைப்பூசத்துக்கு கோலாலம்பூர் பக்கம் இருக்கும் பத்துமலை வரை வண்டியில் போகிறோம். முந்தின நாள் புது டயர் போட்டுக்கொண்டு கிளம்பலாமா?

ஒரு வாரம் முன்னதாகப் போடுங்கள். ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் 300 கிலோமீட்டருக்கு மேல். நெடுஞ்சாலையில் 110 வரை போகலாம். பீட் உட்காராததோ பேலன்ஸ் இல்லாததோ அந்த வேகத்தில்தான் வெளியே வரும். குளுவாங் பக்கம் சாலை ஓரத்தில் நின்றுகொண்டு சிங்கப்பூர்க் கடைக்காரருக்குப் போன் போட்டு என்ன பயன்? இங்கே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, குறை இருந்தால் இங்கேயே சரிசெய்துகொண்டு போவது நல்லது.

கடைக்காரர் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று போர்டைக் காட்டுகிறார். அவ்வளவுதானா?

இல்லை. 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் லெமன் சட்டம் நடப்பில் இருக்கிறது. கடையிலிருந்து பொருள் வாங்கிய 6 மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துக் கொடுக்கவோ மாற்றிக் கொடுக்கவோ கேட்கலாம். டயரைப் பழுதுபார்ப்பது நடக்காத காரியம், ஆக மாற்றுவதுதான். நியாயமான காலத்துக்குள் அது நடக்கவில்லை என்றால் விலையில் குறைப்போ பணம் திரும்பவோ கேட்கலாம். போர்டு இந்த உரிமையைப் பறிக்காது.

தேய்மானமும், ஆணி ஏறியதும், நீங்களே மாட்டிக் கிழித்ததும், மனசு மாறியதும் இதில் சேராது. தனியாள் ஒருவர் இணையத்தில் விற்ற டயருக்கும் லெமன் சட்டம் பொருந்தாது, அது கடைகளுக்கானது.

ஆரம்பத்தில் சொன்ன டயரா, ரிம்மா, மாட்டிய கையா என்ற கணக்கு இங்கேதான் வருகிறது. டயரை ஓரிடத்தில் வாங்கி, இன்னோர் இடத்தில் மாட்டினால் விற்றவர் மாட்டியவரைக் கை காட்டுவார், மாட்டியவர் டயரைக் கை காட்டுவார், இருவரும் சேர்ந்து உங்கள் ரிம்மைக் கை காட்டுவார்கள். இருபது முப்பது வெள்ளி கூடுதலானாலும் நான் வாங்கும் கடையிலேயே மாட்டிக்கொள்வது இதற்காகத்தான்.

சாட்சி சேர்ப்பதில் சோம்பல் கூடாது. மாட்டும் முன் டயரின் பெயர், சைஸ், தேதி தெரியும்படி ஒரு படம். ரசீதில் வெறும் "டயர் 1" என்று எழுதாமல் பெயரும் சைஸும் எழுதச் சொல்லுங்கள். மாட்டிய பின் இரண்டு பக்கமும் பீட் கோட்டைப் படம். குறை தெரிந்ததும் சக்கரம் சுற்றுவதை வீடியோ. குறையுள்ள டயரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கம்பெனிக்கு அனுப்பப் போகிறார்கள் என்றால் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்குங்கள். அங்கே சோதிக்கச் சில வாரம் ஆகும். ஓரளவு தேய்ந்த டயருக்கு மிச்சமிருக்கும் ரப்பருக்குத் தகுந்த தொகையைத்தான் பொதுவாகக் கழித்துக் கொடுப்பார்கள்.

ஒத்துவரவே மாட்டேன் என்கிறார். அடுத்து?

முதலில் வாட்ஸ்அப்பில் எழுத்தாக, கோபமில்லாமல், என்ன குறை, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று அனுப்புங்கள். பாதிப் பேர் இதற்கே இறங்கிவருவார்கள். வராவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் இருக்கிறது, கடையோடு பேசிப் பார்ப்பார்கள். அதற்கும் மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை அங்கே கோரலாம். இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசலாம், இணையத்திலேயே பதியலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனியாளுக்குக் கட்டணம் 10 வெள்ளிதான்.

150 வெள்ளி டயருக்கு இவ்வளவு தேவையா என்றால், அது உங்கள் நேரத்தைப் பொறுத்தது. நான் ஒரு தடவை விட்டுக்கொடுத்தேன், இன்னொரு தடவை விடவில்லை. விட்டுக்கொடுத்தது இன்னும் உறுத்துகிறது.

ஜேபியில் (ஜொகூர் பாருவில்) மலிவாக இருந்தது, அங்கே மாட்டிவிட்டேன். இப்போது ஆடுகிறது.

சிங்கப்பூரின் லெமன் சட்டம் அந்தக் கடை வரை கைநீட்டாது. மறுபடி அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும். சனிக்கிழமை உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி நெரிசலில் சிக்கிக்கொண்டால் மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்றே தெரியாது. தினமும் கடற்பாலம் தாண்டி வேலைக்கு வரும் நம் மலேசியத் தமிழர்களுக்கு அங்கே மாட்டுவதுதான் சரி, கடை வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும். இங்கிருந்து அதற்காகவே போகிறவர்கள், அன்றே அங்கேயே அரை மணி நேரம் வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

வண்டி மூன்று வருடம் தாண்டிவிட்டது, அடுத்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன். புது டயரின் ஆட்டத்தோடு போகலாமா?

மூன்று வருடம் ஆன மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. டயரில் குறை கண்டால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி போக வேண்டும். சரிசெய்துவிட்டே போங்கள். ஒருவேளை அங்கே டயரைக் குறிப்பிட்டுத் திருப்பினால் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், கடைக்காரரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

புது டயர் முழுக்க ரப்பர் முடி முளைத்திருக்கிறது. வெட்டிவிடலாமா?

அச்சில் காற்று வெளியேறிய துளைகளில் ரப்பர் புகுந்ததால் வந்தது அது. வெட்டினாலும் விட்டாலும் ஒன்றுதான், ஓட்ட ஓட்ட உதிர்ந்துவிடும். என் மகள் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பின்னால் திரும்பி எத்தனை மிச்சம் என்று எண்ணுவாள்.